ப்ளூம் பிறந்த ஊர்

பொறாமை என்பது மனத்தில் பிடிக்கும் துரு என்று குருநாதப் புலவர் எத்தனையோ மேடைகளில் பேசியிருக்கிறார். பேசும்போது எதிரே இருப்பவர்களில் யாருக்கு அந்தத் துரு என்று கண்ணால் தேடவும் செய்வார். தமக்கே அது வந்து சேர்ந்தபோது மட்டும் இன்னதென்று அவருக்கு விளங்கவில்லை. வயிற்றுக் கோளாறு என்று நினைத்துச் சுக்குக் கஷாயம் போட்டுக் குடித்தார். கஷாயம் உள்ளே போனதுதான் மிச்சம்.

அது வந்த விதத்தைச் சொல்ல வேண்டும். காரைக்குடிக்கு ரயில் வராத காலம். காசிவிஸ்வநாதன் செட்டியார் வீட்டு முகப்புக் கூடத்தில் வெள்ளிக்கிழமை சாயந்தரமானால் தமிழ்ச் சபை கூடும். செட்டியார் ரங்கூனிலே இருந்தால் சபை இல்லை. ஊரிலே இருந்தால் உண்டு. இரத்தினக் கம்பளத்தில் செட்டியாருக்கு வலப்பக்கம் குருநாதப் புலவர் உட்காருவார். அவர் ஒரு பாட்டைப் பிரித்துப் பொருள் சொல்லி முடித்ததும் வெற்றிலைத் தட்டு வரும். முதலில் புலவருக்கு, அப்புறம்தான் மற்றவர்களுக்கு. அந்த ஊரில் யாருக்கு என்ன மதிப்பு என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை; தட்டு போகிற வழியைப் பார்த்தால் போதும்.

புலவருக்கு அந்த இடத்தை விட்டால் வேறு சொத்து இல்லை. பிள்ளை குட்டி கிடையாது. தேவகோட்டைப் பக்கம் பரம்பரையாக வந்த ஒரு துண்டுப் புஞ்சை, அதுவும் மழை பெய்தால் உண்டு. கம்பளத்தின் வலப்பக்கம்தான் அவர் ஐம்பது வயது வரை வாழ்ந்து சம்பாதித்தது.

அந்தச் சபைக்குத்தான் வீரையா வந்தான். காளையார்கோவில் பக்கத்தில் உழுது பிழைக்கும் சம்சாரி வீட்டுப் பிள்ளை. மதராஸில் பி.ஏ. படித்துவிட்டு, செட்டியார் நடத்திய பள்ளிக்கூடத்துக்கு இங்கிலீஷ் வாத்தியாராக வந்திருந்தான். கிராப்புத் தலை. வந்தவன் முன்னே வந்து உட்கார்ந்திருந்தால்கூடப் புலவர் அவனைத் திமிர் பிடித்தவன் என்று தள்ளிவிட்டிருப்பார். அவனோ கடைசித் தூணுக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான்.

செட்டியார் அந்தத் தடவை ரங்கூனிலிருந்து ஒரு பவுடர் டப்பா வாங்கி வந்திருந்தார். மூடியில் ஒரு வெள்ளைக்காரியின் முகம், அதன் கீழே கொட்டை எழுத்தில் ஒரு சொல். சபை கலைகிற நேரத்தில் அதைத் தூக்கிக் காட்டினார்.

"வாத்தியார் தம்பி, இதில என்ன எழுதியிருக்கு?"

"ப்ளூம்னு போட்டிருக்கு ஐயா. பூக்கிறதுன்னு அர்த்தம். பூவையும் சொல்லும், முகத்தில வர்ற செழிப்பையும் சொல்லும். நாவப்பழத்தைப் பறிச்ச உடனே பாத்தீகன்னா மேல சாம்பலாட்டம் ஒரு பூச்சு இருக்குமே, தொட்டா விரல்ல ஒட்டிக்கிருமே, அதுக்கும் இதே பேருதான்."

இத்தோடு போயிருந்தால் புலவருக்குக் கஷாயச் செலவு மிச்சம். ஆனால் செட்டியார் விடவில்லை. எந்த ஊர், எந்தக் கோயில் என்று கேட்காமல் பெண் எடுக்காத சாதி அது.

"அர்த்தம் சரி. பூர்வீகம் என்ன? சொல்லுக்கும் ஒரு ஊரு இருக்கணுமுல்ல?"

வீரையா தூணை விட்டுக் கொஞ்சம் முன்னே நகர்ந்தான். "இருக்கு ஐயா. இங்கிலீஷ்காரன் வீட்டில பூவுக்கு மூணு பேரு. ப்ளாஸம்ங்கிறது அவுக வீட்டிலயே பிறந்த மக. ப்ளூம் அங்க பிறந்தது இல்ல. வடக்கே குளிர்க் கடல்ல இருந்து கப்பலேறிக் கொள்ளையடிக்க வந்தாகளே, அவுக கொண்டாந்து விட்ட மருமக. ஃப்ளவர்ங்கிறது அப்புறம் வந்தது. பிரெஞ்சு பேசுற ராசா படையெடுத்து வந்து சிம்மாசனத்தில உக்காந்தப்ப, அரண்மனை வழியா வந்த சம்பந்தியம்மா."

கூடம் சிரித்தது. கப்பலும் கடலும் கொடுக்கல் வாங்கலும் அறிந்த கூட்டம். சொல் கப்பலேறி வருவது அவர்களுக்கு உடனே பிடித்துப்போயிற்று. அப்போதுதான் பெண்கள் இருக்கும் உள்கட்டின் வளவுக் கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. செட்டியாரின் மனைவி கண்ணம்மை ஆச்சி.

"தம்பி, ரங்கூன்ல இருந்து வர்ற கோதுமை மாவு மூட்டையையும் ஃப்ளவர்னுதானே சொல்றாக. அது எந்த வீட்டுச் சம்பந்தி?"

"ஆச்சி சரியாப் பிடிச்சுட்டீக. ரெண்டும் ஒரே சொல்லுதான். அரைச்சுச் சலிச்சா கடைசியில நைசா நிக்குதே, அது தானியத்தோட பூவுன்னு நினைச்சிருக்காக. அதான் மாவுக்கும் அந்தப் பேரு."

கதவுக்குப் பின்னால் வளையல் குலுங்கப் பெண்கள் சிரிக்கிற சத்தம் கேட்டது. இத்தனை வருஷத்தில் புலவர் சொன்ன எந்த உரைக்கும் அந்தக் கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு 'உம்' கூட வந்தது கிடையாது. அவருக்கு அடிவயிற்றில் சுருக்கென்றது. அதைத்தான் அவர் கோளாறு என்று எடுத்துக்கொண்டார்.

தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "வெள்ளைக்காரனுக்கு மூன்று என்றால் நமக்கு ஏழு" என்று தொடங்கினார். அரும்பு, மொட்டு, முகை என்று பூவின் ஏழு பருவத்தையும் இராகம் போட்டு அடுக்கினார். எல்லோரும் மரியாதையாகத் தலையாட்டினார்கள். கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன தலையாட்டல் அது. நவதானியக் கடை உடையப்பன், "அதான் தெரியுமே புலவரே" என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பி, "தம்பி, அந்தக் கொள்ளைக்காரக் கப்பலு எங்கிட்டு வந்து இறங்குச்சு?" என்றார்.

தட்டு வந்தது. வழக்கம்போலப் புலவர் கையை நீட்டத் தயாரானார். செட்டியார் யோசனை எதுவும் இல்லாமல், குழந்தைக்குப் பண்டம் கொடுக்கச் சொல்வதுபோல, "அங்குட்டுக் குடு முதல்ல, தம்பி தொண்டை காஞ்சு கிடக்கும்" என்றார்.

தட்டு அங்குட்டுப் போயிற்று.

வீட்டிலும் நிம்மதி இல்லை. மறுநாள் புலவரின் மனைவி பொன்னுத்தாயி ஊருணியிலிருந்து தண்ணீர்க் குடத்தோடு பேச்சையும் சுமந்து வந்தாள்.

"மாவுக்கும் பூவுக்கும் ஒரே பேராமுல்ல. ஊருணிக்கரை பூரா அதே பேச்சுத்தான். பக்கத்திலயே இருந்துட்டு வந்தீக, ஒரு வார்த்தை சொன்னீகளா?"

"களி கிண்டுறவளுக்கு வெள்ளைக்காரன் மாவுக்கு என்ன பேரு வச்சா என்ன?"

"ஏழு பேரு வச்சிருக்கீகளே, அதையாவது என்கிட்டச் சொல்லியிருக்கீகளா? எல்லாம் செட்டியார் வீட்டுக்குத்தான்." குடத்தை இறக்கி வைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள். "ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரையா இருந்தீக. இப்ப ஆலை வந்துருச்சு. அதான் மூஞ்சி இப்படிக் கிடக்கு."

கட்டிய பெண்டாட்டிக்குத் தெரிந்தது கஷாயத்துக்குத் தெரியவில்லை. அன்றைக்குத்தான் புலவர் தம் நோயின் பேரைத் தெரிந்துகொண்டார். தெரிந்ததால் நோய் குறையவில்லை; ஒளித்து வைக்க வேண்டிய அவசியம் போய், நன்றாகக் கால் நீட்டிப் படுத்துக்கொண்டது. வீரையாவுக்கு வேறு ஊரில் வேலை கிடைக்க வேண்டும், இல்லாவிட்டால் வெள்ளிக்கிழமை மட்டுமாவது தொண்டை கட்ட வேண்டும் என்று பிள்ளையாரிடம் வேண்டிக்கொண்டார். பிள்ளையார் இந்த மாதிரி வேண்டுதல்களில் தலையிடுவதில்லை. அடுத்த வெள்ளிக்கிழமையும் வீரையா வந்தான். தூண் பின்னால் போயிற்று. அவன் கம்பளத்தின் ஓரத்துக்கு வந்திருந்தான். அவனாக வரவில்லை, மற்றவர்கள் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்கள். அதுதான் இன்னும் எரிந்தது.

அதற்கடுத்த வாரம் புலவர் துணிந்துவிட்டார். இங்கிலீஷில் ஓர் எழுத்து அவருக்குத் தெரியாது. தெரியாதவனுக்கு வருகிற துணிச்சல் தெரிந்தவனுக்கு வராது.

"அன்றைக்குத் தம்பி ஒரு சொல்லின் ஊரைச் சொன்னார். பாதி வழிதான் போனார். நான் மீதி வழி போய்ப் பார்த்தேன்" என்று ஆரம்பித்தார். "வடகடல்காரனுக்கு அந்தச் சொல் ஏது? கொற்கையிலும் தொண்டியிலும் நம் கப்பல் நின்ற காலத்தில் யவனன் நம்மிடம் மிளகு வாங்கினான், முத்து வாங்கினான். சொல்லை மட்டும் சும்மா விட்டுவிட்டா போனான்? பூ என்று எடுத்துப் போனான். கடல் குளிரில் நாக்கு விறைத்து ளகரம் ஒன்று நடுவிலே நுழைந்தது. ப்ளூம் ஆயிற்று. அந்தப் பவுடர் டப்பா மேலே எழுதியிருப்பது தமிழ், ஐயா, தமிழ்."

கூடம் இடிந்து விழாதது ஒன்றுதான் குறை. உடையப்பன் தொடையில் அடித்துக்கொண்டார். செட்டியாருக்குக் கண் கலங்கியே விட்டது. "இதை இப்படியே விடக் கூடாது புலவரே. எழுதுங்க. வர்ற பௌர்ணமிக்குப் பிள்ளையார் கோயில் மண்டபத்தில அரங்கேத்துவோம். செலவு நம்மது" என்றார். தட்டு புலவரிடம் வந்தது. அவர் வேண்டுமென்றே மெதுவாகக் காம்பு கிள்ளிக்கொண்டே வீரையாவைப் பார்த்தார்.

வீரையா ஒன்றும் சொல்லவில்லை. மறுக்கவில்லை, சிரிக்கவில்லை, பக்கத்திலிருப்பவன் காதில் கிசுகிசுக்கவும் இல்லை. குனிந்து கம்பளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அது புலவரை அரிக்கத் தொடங்கிற்று. அவன் எதிர்த்திருந்தால் நாலு வெண்பாவை எடுத்து விட்டு அடித்திருக்கலாம். தோற்றவனாகவாவது முகம் வாடியிருக்கலாம். இரண்டும் இல்லாமல் வாய் மூடி இருந்தால் என்ன அர்த்தம்? அரங்கேற்றம் என்றால் சும்மா இல்லை. நூலை வாசித்து முடித்ததும் சபைத் தலைவர், தடை உண்டா என்று கேட்பார். யாராவது எழுந்து தடை சொன்னால் விடை சொல்லியாக வேண்டும். விடை இல்லையென்றால் நூலும் இல்லை, புலவரும் இல்லை. அந்த இடத்தில் தலையை வாங்கத்தான் பயல் காத்திருக்கிறான் என்று அவருக்குத் தோன்றிற்று. இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தார். மூன்றாம் நாள் காலையில் பள்ளிக்கூடத்தை ஒட்டி வீரையா குடியிருந்த அறைக்கே போய்விட்டார்.

வீரையா சட்டையில் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தான். பதறி எழுந்து பாயை விரித்தான்.

"உக்காருங்கய்யா. சொல்லி விட்டிருந்தா நான் வந்திருப்பேனே."

புலவர் உட்காரவில்லை. "அன்னைக்கு ஏன் தம்பி ஒண்ணும் பேசலை?"

"எதுக்குய்யா?"

"நான் சொன்னது சரியா, தப்பா?"

வீரையா ஊசியைச் சட்டையில் குத்தி வைத்தான். "நீங்க வருத்தப்படக் கூடாது."

"சொல்லு."

"தப்புத்தான்யா."

பாயில் உட்கார வேண்டிய அவசியம் இப்போது புலவருக்கு வந்தது. வீரையா எதிரே தரையில் உட்கார்ந்து, யாரோ செத்த செய்தியைச் சொல்வதுபோல மெல்லச் சொன்னான். "அந்த மூணு சொல்லும் வேற வேற வழியா வந்தாலும், ரொம்ப ஆதியில ஒரே வேர்ல இருந்து பிரிஞ்ச பங்காளிகன்னு ஆராய்ச்சிக்காரங்க சொல்றாக. செழிக்கிறது, பூக்கிறதுன்னு அந்த வேருக்கு அர்த்தமாம். இலை, பூ, எல்லாத்துக்கும் அவுக தேசங்கள்ல அந்த வேர்ல இருந்து சொல்லு கிளம்பியிருக்கு. அந்தக் குடும்பத்தில நம்ம பூவு சேராதுய்யா."

"அப்ப நம்ம பூவுக்கு யாருமில்லையா?" தம்மையறியாமல் அப்படிக் கேட்டுவிட்டார் புலவர். தமிழ்மேல் அவருக்கு இருந்த அன்பு மட்டும் பொய்யில்லை.

"எதுக்குய்யா வேணும்? நம்ம பூவு எவன் வீட்டு வாசல்லயும் போயி உறவு சொல்லி நிக்க வேண்டியதில்ல. அதுக்குச் சொந்த வேர் இருக்கு. தன் வேர்ல நிக்கிற மரம் ஊரான் மரத்துக்குத் தாயா இருந்தாத்தான் பெருமையா?"

புலவருக்கு உடம்பு சிலிர்த்தது. எவ்வளவு அழகான வார்த்தை. அடுத்த நொடியே சிலிர்ப்பு எரிச்சலாயிற்று. இது என் வாயிலிருந்து வர வேண்டிய வார்த்தை அல்லவா? முப்பது வருஷம் பாட்டுப் படித்தவன் நான் இருக்க, பொத்தான் தைக்கிற பயல் வாயில் இது எப்படி வந்து உட்கார்ந்தது? இங்கிலீஷ் அவனுக்கு இருக்கட்டும் என்று விட்டாலும் விடலாம். தமிழையுமா அவனுக்குக் கொடுக்க வேண்டும்?

"அரங்கேத்தத்தில தடை சொல்லுவியா?" என்று கேட்டார். குரல் அவருக்கே கேவலமாக இருந்தது.

"நான் எதுக்குய்யா சொல்றேன்? நீங்களாப் பாத்து என்ன செஞ்சாலும் சரி."

பௌர்ணமி வந்தது. பிள்ளையார் கோயில் மண்டபத்தில் பாய் விரித்து, பலகையில் கையெழுத்துப் பிரதியை வைத்து, சந்தனம் தெளித்து, புலவருக்குப் போர்த்த ஒரு சால்வையும் மடித்து வைத்திருந்தார்கள். தேவகோட்டையிலிருந்து ஒரு முதிய வித்துவானைத் தலைவராகக் கூட்டி வந்திருந்தார் செட்டியார். ஊரே திரண்டிருந்தது. பவுடர் டப்பாவைக்கூட யாரோ பலகை ஓரத்தில் வைத்திருந்தார்கள்.

புலவர் வாசித்தார். ஒவ்வொரு வரிக்கும் கைதட்டல். அவர் கண் மட்டும் வீரையா உட்கார்ந்திருந்த இடத்தையே சுற்றிச் சுற்றி வந்தது. கடைசி ஏடு முடிந்தது. தலைவர் சபையைப் பார்த்து, "தடை உண்டா?" என்றார்.

யாரும் எழுந்திருக்கவில்லை. வீரையா தலை குனிந்திருந்தான். அவன் சொல்லமாட்டான் என்று புலவருக்கு நன்றாகத் தெரிந்துவிட்டது. சால்வை இனிமேல் அவருடையது, கம்பளத்தின் வலப்பக்கமும் அவருடையது. ஆனால் அந்தக் குனிந்த தலை இருக்கிறதே, அது போட்ட பிச்சையாக அல்லவா எல்லாம் வருகிறது. வெள்ளிக்கிழமை தோறும் தட்டு முதலில் இங்கே வரும்போதெல்லாம் அவன் கம்பளத்தைப் பார்த்துக்கொண்டிருப்பான். வாழ்நாள் முழுக்க அதைப் பார்க்க வேண்டும். அதை அவரால் சகிக்க முடியவில்லை.

"தடை உண்டு" என்றார் புலவர். "எனக்கே உண்டு."

கூட்டம் திடுக்கிட்டது. தலைவர் கண்ணைச் சுருக்கினார். பழைய உரைகாரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. எதிராளியின் கட்சியை, அதாவது அவன் வாதத்தை, தம் கட்சிபோலவே முதலில் ஊன்றி நிறுத்திவிட்டு, எல்லோரும் நம்பிய பிறகு தாமே அதை அறுத்துப் போடுவார்கள். புலவரின் நாக்கு அந்த வழியை அவர் மனத்துக்கு முன்பாகக் கண்டுபிடித்துவிட்டது.

"இதுவரை நான் வாசித்தது எதிர்க்கட்சி. தமிழ்மேல் ஆசை மிகுந்தவன் பேசுகிற பேச்சு. சபை அதைக் கைதட்டி ஏற்றுக்கொள்ளும் என்று எனக்குத் தெரியும், ஏற்றுக்கொண்டது. இனி உண்மையைக் கேளுங்கள்" என்றார். ப்ளூமையும் அதன் பங்காளிகளையும் எடுத்தார். ஒரே வேரிலிருந்து அவை பிரிந்து, ஒன்று மண்ணிலும் ஒன்று கப்பலிலும் ஒன்று அரண்மனையிலுமாக ஒரு தீவுக்கு வந்து சேர்ந்ததைச் சொன்னார். கடைசியில் குரலைத் தாழ்த்தினார். "நம் பூவுக்கு அந்தக் குடும்பத்தில் உறவில்லை. வேண்டவும் வேண்டாம். அது எவன் வாசலிலும் போய் உறவு சொல்லி நிற்க வேண்டியதில்லை. தன் வேரில் நிற்கிற மரம், ஊரான் மரத்துக்குத் தாயாக இருந்தால்தானா பெருமை?"

மண்டபமே எழுந்து நின்றது. தேவகோட்டை வித்துவான் பலகையைத் தள்ளிவிட்டு வந்து புலவரைக் கட்டிக்கொண்டார். செட்டியார் சால்வையைப் போர்த்தினார். "எங்களையே ஏமாத்தி, எங்களுக்கே புத்தி சொல்லிட்டீகளே புலவரே" என்று சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார். பிறகு வீரையாவைக் கூப்பிட்டு, "இங்கிலீஷ் படிச்சவரு நீங்க சொல்லுங்க, சரிதானா?" என்றார்.

புலவர் வீரையாவின் வாயையே பார்த்தார். இப்போது சொல்லட்டும். அது என் வார்த்தை, என் அறையில் உட்கார்ந்து கேட்டுப் போனார் என்று சொல்லட்டும். சொன்னால் அவனும் தம்மைப் போலத்தான் என்றாகிவிடும். திருடன் என்ற பேர் வந்தாலும் பரவாயில்லை, இந்த எரிச்சலாவது தீர்ந்துபோகும்.

"ஐயா சொன்னது ஒவ்வொரு எழுத்தும் சரி" என்றான் வீரையா.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து புலவர் காலில் விழுந்து எழுந்தான். கண் நனைந்திருந்தது. அவர் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னான்: "இதையே நான் சொல்லியிருந்தா பி.ஏ. படிச்ச திமிருன்னு போயிருக்கும்யா. நீங்க சொன்னதால எல்லார் மனசிலயும் போயி உக்காந்துருச்சு. எனக்குச் சொல்லத்தான் தெரிஞ்சுச்சு, அதை இப்படி நிறுத்தி வைக்கத் தெரியாது. எங்க ஊருக்குப் போனா எங்க அய்யாகிட்ட நீங்க பேசுனதை அப்படியே பேசிக் காட்டுவேன்."

புலவர் அந்த முகத்தில் கேலியைத் தேடினார். அரிசியில் கல் பொறுக்குவதுபோல ஒரு மூலை விடாமல் தேடினார். குத்தலாவது, பெருந்தன்மை காட்டுகிற பெருமையாவது இருக்காதா என்று தேடினார். ஒன்றும் இல்லை. பயல் உண்மையாகவே சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தான்.

அது பொறாமை என்று தெரியாமலே குருநாதப் புலவர் எத்தனையோ பேர்மேல் பொறாமைப்பட்டிருக்கிறார். ஒருவன் குரல்மேல், ஒருவன் நினைவாற்றல்மேல், ஒருவனுக்குப் பிறந்த பிள்ளைகள்மேல். அதெல்லாம் தம்மிடம் இல்லாததைக் கண்டு வந்தது. இவனிடம் இருந்ததையெல்லாம் எடுத்துக்கொண்டாயிற்று. சொல்லை எடுத்தார், சபையை எடுத்தார், சால்வையும் தோளில் கிடந்தது. எடுக்க முடியாத ஒன்று அவனிடம் இன்னும் இருந்தது. அதைப் பார்த்தபோது அடிவயிறு அன்று எரிந்ததுபோல் என்றும் எரிந்ததில்லை.

நல்லாயிரு என்று சொல்வதற்காக அவன் தலையில் கையை வைத்தார். வாய் திறக்கவில்லை. புலவருக்கு ஆனந்தத்தில் பேச்சு வரவில்லை என்று ஊரார் நினைத்துக்கொண்டார்கள்.